நாற்பது செடிகளும் ஓர் அசல் ஒப்புகைச் சீட்டும்

அந்தப் பருவத்தில் தக்காளிக்காரர் தோட்டத்தில் நாற்பது செடிகள் சாகாமல் நின்றுவிட்டன. அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். மற்ற இரண்டாயிரம் செடிகளோடு சேர்ந்து அவையும் ஒழுங்கு மரியாதையாகக் கருகிப் போயிருந்தால், பயிர் நோய் எதிர்ப்புச் சான்றளிப்பு இயக்ககம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. நிம்மதியாக நாசமாகப் போயிருப்பார்.

மூன்று வருஷமாக இலைக்கருகல் நோய் அந்த வட்டாரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கு இலையில் தண்ணீர் பட்டதுபோல ஒரு கறை தெரியும். நாளை மறுநாள் அது கறுக்கும். அடுத்த வாரம் தோட்டமே வெந்நீர் ஊற்றிய மாதிரி கிடக்கும். போன வருஷம் அப்படிக் கிடந்த தோட்டத்தில் மோட்டார் கொட்டகை ஓரமாக ஒரே ஒரு செடி பச்சையாக நின்றது. அதை முதலில் பார்த்தவள் அவர் மனைவி. "இதுக்கு மட்டும் என்ன கொழுப்பு பாருங்க," என்றாள். பழத்தை எடுத்து விதை சேர்த்தாள். இந்த வருஷம் நட்ட ஒரு வரிசை, நாற்பது செடி, அந்த ஒற்றைச் செடியின் பிள்ளைகள். இரண்டு பக்கமும் கறுத்துச் செத்துக்கிடக்க, நடுவில் அவை ஒரு பொட்டுக் கறை இல்லாமல் காய்த்துத் தள்ளின.

அப்போதுதான் வேலிக்கம்பில் அறிவிப்பு ஒட்டினார்கள். இது கருகல் பாதித்த பகுதி. தொண்ணூறு நாளைக்குள் எல்லாத் தக்காளிச் செடிகளையும் பிடுங்கி எரிக்க வேண்டும். நோய் எதிர்ப்புச் சான்று பெற்ற செடிகளுக்கு மட்டும் விலக்கு.

"நம்ம வரிசைக்குச் சான்று வாங்கிட்டா போதும்," என்றார் தக்காளிக்காரர். "அந்த விதையை வச்சே அடுத்த வருஷம் முழுத் தோட்டமும் போட்டுடலாம். வாங்கலைன்னா உன் தம்பி கூப்பிட்ட இடத்துக்குப் போய் அட்டைப்பெட்டி மடிக்க வேண்டியதுதான்."

மனைவியின் தம்பி நகரத்தில் ஒரு பொட்டலமிடும் கூடத்தில் மேற்பார்வையாளன். "அத்தானுக்கு ஒரு நாற்காலி, அக்காவுக்கு ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்கேன்" என்று மூன்று வருஷமாக, ஒவ்வொரு கருகலுக்கும் ஒரு தடவை, போன் பண்ணிக்கொண்டிருந்தான்.

இயக்ககத்தின் கட்டடம் பார்க்க லட்சணமாக இருந்தது. புல்தரை, செம்பருத்தி வேலி, வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் பதினொரு கேடயங்கள். மூன்றாம் ஜன்னலில் இருந்த எழுத்தர் அம்மாள் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நான்காவது கட்டத்தில் விரலை வைத்தாள். 'நோய் தாக்கிய இலை ஒன்றை இங்கே ஒட்டவும்' என்று அச்சடித்து, கீழே ஓர் இலை அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"இலை எங்க?"

"மேடம், இந்தச் செடியில நோய் வந்த இலையே கிடையாது. அதுக்காகத்தானே வந்திருக்கேன்."

"நோயே வரலைன்னா அது எதிர்த்துச்சுன்னு எப்படி நம்புறது? சண்டைக்கே போகாதவனுக்கு மெடல் குடுப்பாங்களா?"

"சுத்தி இருந்ததெல்லாம் செத்துப்போச்சு மேடம்."

"செத்ததுக்கா விண்ணப்பம் போட்டிருக்கீங்க? நிக்கிறதுக்குத்தானே?" என்றாள். பிறகு மனசு இளகி, குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, நல்லதுக்குச் சொல்றேன். நாலாவது கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் வாங்காது. பக்கத்துச் செடியில ஒரு கறுத்த இலையைக் கிள்ளி ஒட்டிட்டு வாங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"எல்லாரும்னா?"

"உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தார்."

மறுநாள் தக்காளிக்காரர் செத்த செடியிலிருந்து இருப்பதிலேயே நல்ல கறுத்த இலையாகத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டு போனார். அவள் அதன்மேல் முத்திரை குத்தி, கெட்டிக் காகிதத்தில் ஓர் ஒப்புகைச் சீட்டு கொடுத்தாள். அரசாங்க முத்திரை, வரிசை எண், ஊதா மையில் கையெழுத்து. "இதைத் தொலைச்சா உங்க செடியைத் தொலைச்ச மாதிரி," என்றாள். சும்மா சொல்லும் வார்த்தை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் கள ஆய்வாளர் வந்தார். தேய்த்த பேண்ட், பளபளப்பான காலணி. நாற்பது செடிகளைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டினார். காய், பழம் எல்லாவற்றையும் பறித்துப் பெட்டியில் போடச் சொன்னார். வீட்டிலிருந்த விதைப் பொட்டலத்தையும் கேட்டு வாங்கினார்.

"மொத்தத்தையுமா சார்? கொஞ்சம் விட்டுட்டுப் போங்க."

"சான்று இல்லாத விதை வெளியில இருக்கக் கூடாது. சோதனைப் பாத்தியில நாங்களே விதைச்சு நாப்பது நாள் பார்ப்போம். அதுவரைக்கும் இந்தச் செடிங்க காய்க்கக் கூடாது."

"அதுங்ககிட்ட எப்படி சார் சொல்றது?"

"தினமும் காலையில பூவைக் கிள்ளிடுங்க. சான்று பெறாத இனப்பெருக்கம் தண்டனைக்குரியது." கள ஆய்வாளர் இதைச் சிரிக்காமல் சொன்னார். அவர் எதையுமே சிரிக்காமல்தான் சொல்வார் போலிருந்தது.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் தக்காளிக்காரர் ரிப்பனுக்குள் போய், குனிந்து, மஞ்சள் பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளினார். முப்பது வருஷம் தக்காளி வைத்த மனுஷன். பூ உதிர்ந்தால் மனசு உதறும் ஆள். அவரே தன் கையால் கிள்ளினார். மனைவி அந்தப் பக்கமே வரவில்லை. "நான் பாக்க மாட்டேன். பாத்தா உங்க கையை வெட்டிடுவேன்," என்றாள்.

ஆனால் ஒரு பழம் தப்பியிருந்தது. எலுமிச்சை அளவு, கோணல்மாணல். கடைசிச் செடியின் அடிக்கிளையில், தரையோடு ஒட்டிக் கிடந்தது. பேண்ட் மடிப்புக் கலையும் என்று கள ஆய்வாளர் அவ்வளவு தூரம் குனியவில்லை. மனைவி அதைத் துணிப்பெட்டிக்குள் வைத்துப் பழுக்கவைத்தாள். பிழிந்து, இரண்டு நாள் டம்ளரில் புளிக்கவிட்டு, வழவழப்புப் போகக் கழுவி, உலர்த்தினாள். அறுபத்து மூன்று விதை. உலர்த்தியது எதில் தெரியுமா? ஒப்புகைச் சீட்டின் முதுகில்.

"அடியே, அரசாங்கச் சீட்டுடி!"

"அதுக்காகத்தான். வீட்டைக் குடைஞ்சு பார்த்தாலும் முத்திரை போட்ட தாளை மட்டும் அவங்க கிழிக்க மாட்டாங்க," என்றாள்.

ஈர விதை தாளில் ஒட்டிக் காய்ந்தால் அப்புறம் லேசில் வராது. உரித்தால் தாளும் கூடவே உரிந்து வரும். அவள் சீட்டை விதைப்பக்கம் சுவரைப் பார்க்க ஆணியில் மாட்டினாள். மறுபடி வந்த கள ஆய்வாளர் பரண், பானை, தலையணை உறை எல்லாம் சோதித்துவிட்டு, சுவரில் தொங்கிய சீட்டைப் பார்த்து முதல் தடவையாக முகம் மலர்ந்தார். "ஒப்புகைச் சீட்டை இப்படித்தான் வச்சிக்கணும். உங்களைப் பார்த்து மத்தவங்க கத்துக்கணும்," என்றார்.

நாற்பதாம் நாள் தக்காளிக்காரர் சோதனைப் பாத்தியைப் பார்க்கப் போனார். ஒரு பாத்தியில் அவருடைய விதையிலிருந்து முளைத்த கன்றுகள். பக்கத்துப் பாத்தியில், ஒப்பிடுவதற்காக, கருகலைக் கண்டாலே சுருண்டுவிடும் நோஞ்சான் ரகம். சாமர்த்தியமான ஏற்பாடுதான், நோஞ்சான் சாக வேண்டும், இவருடையது நிற்க வேண்டும். போய்ப் பார்த்தால் நோஞ்சான் இவருடையதைவிடக் கொழுகொழுவென்று இருந்தது.

தோட்டக் கண்காணிப்பாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெருமிதமாக நின்றார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார். ஆனா இந்த ரகம் இந்நேரம் செத்திருக்கணுமே?"

"என் வளாகத்துல எதுவும் சாகாது. செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் மருந்து அடிக்கிறோம். புல்தரை, செம்பருத்தி, பாத்தி, எல்லாத்துக்கும். பதினொரு வருஷமா 'சிறந்த அலுவலக வளாகம்' கேடயம் நமக்குத்தான்."

"சோதனைப் பாத்திக்குமா சார் மருந்து?"

"பின்னே? வெளியில இருந்து ஆள் வந்து பாக்குற இடம். அங்க நோயும் கறையுமா இருந்தா இயக்ககத்துக்கு என்ன மரியாதை?"

"நோய் வந்தாத்தானே சார் எது தாங்குதுன்னு தெரியும்?"

கண்காணிப்பாளர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அது சோதனைப் பிரிவு வேலை. நான் தோட்டப் பிரிவு. அவங்க விஷயத்துல நான் தலையிடறது இல்ல."

சோதனைப் பிரிவும் தோட்டப் பிரிவின் விஷயத்தில் தலையிடுவதில்லை என்று அவர் மேலும் தெரிவித்தார். இருபத்தாறு வருஷமாக இரண்டு பிரிவுக்கும் நடுவே ஒரு சின்ன மனஸ்தாபம்கூட வந்ததில்லையாம்.

விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. கெடு முடிவதற்கு முதல் நாள்தான் குறித்திருந்தார்கள். அசல் ஒப்புகைச் சீட்டைக் காட்டாதவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்று கடைசி வரியில் போட்டிருந்தது. தக்காளிக்காரர் விதைகளை உரித்துப் பார்த்தார். தாள் நாராக எழுந்தது. தாள் கிழிந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். மனைவி சீட்டை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அவர் சட்டைப்பைக்குள் தானே செருகிவிட்டாள்.

"காட்டுங்க. குடுக்காதீங்க," என்றாள். வாசல் வரை வந்து இன்னொரு தடவையும் சொன்னாள்.

விசாரணை அறையில் இணை இயக்குநர் நடுவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள், அவர் தலையாட்டும்போது தலையாட்டுவதற்கு.

"பெரியவரே, முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும் நீங்க," என்று இணை இயக்குநர் ஆரம்பித்தார். "இந்த இயக்ககம் தொடங்கி இருபத்தாறு வருஷம் ஆகுது. இந்த இருபத்தாறு வருஷத்துல நாங்க ஒரு தவறான சான்றுகூடக் குடுத்தது கிடையாது."

"மொத்தம் எத்தனை சான்று சார் குடுத்திருக்கீங்க?"

"அதைத்தான் சொல்றேன். ஒண்ணுகூடத் தவறா குடுத்ததில்ல." உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். "சான்றுங்கிறது சும்மா இல்ல. நாங்க ஒரு செடிக்குச் சான்று குடுத்து, நாளைக்கு அது செத்துப்போச்சுன்னா கேள்வி எங்ககிட்ட வரும். சான்று குடுக்காம ஒரு ஊரே செத்துப்போச்சுன்னா அது இயற்கை. எங்களை யாரும் கேட்க முடியாது. பொறுப்புன்னா என்னன்னு புரியுதா?"

தக்காளிக்காரருக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி நின்றார்.

"உங்க செடிக்கும் நோஞ்சான் ரகத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லைன்னு அறிக்கை சொல்லுது."

"சார், மருந்து அடிச்சா எந்தச் செடிக்கும் நோய் வராது சார்."

"அப்போ மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு ஒத்துக்கிறீங்க?"

"ஆமா சார், ஆனா..."

"எழுதிக்குங்க," என்றார் இணை இயக்குநர். வலப்பக்கத்து உறுப்பினர் எழுதிக்கொண்டார். "அடுத்தது, இந்த இலை." விண்ணப்பத்தின் நான்காவது கட்டத்தைத் திருப்பிக் காட்டினார். "உங்க செடிக்குக் கருகல் வந்திருக்குன்னு நீங்களே ஒட்டிக் குடுத்திருக்கீங்க. முத்திரையும் இருக்கு."

"அது பக்கத்துச் செடி இலை சார். ஜன்னல்ல ஒட்டச் சொன்னாங்க."

இணை இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இப்போ சொன்னதை நான் காதுல வாங்கிக்கல. வாங்கிக்கிட்டா, பொய் ஆவணம் குடுத்ததா உங்க மேல வழக்குப் போடணும். வயசான மனுஷன்னு விடுறேன்." எதிர்ப்புத்தன்மை நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பு எழுதி, அவரையும் கீழே ஒரு கையெழுத்துப் போட வைத்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பிடுங்கும் ஆட்கள் வருவார்கள். தடுக்க ஒரே வழி மேல்முறையீடு. அதற்கு ஆறாம் ஜன்னல். அவர் மூச்சிறைக்க ஓடினார். ஜன்னல் மூட இன்னும் பன்னிரண்டு நிமிஷம். உள்ளே அதே எழுத்தர் அம்மாள்.

"காலையில நான் மூணாம் ஜன்னல் அண்ணே, மத்தியானம் ஆறாம் ஜன்னல்," என்றாள். மனுவை வாங்கிச் சரிபார்த்தாள். "இடைக்காலத் தடை உடனே போட்டுரலாம். அசல் ஒப்புகைச் சீட்டு குடுங்க."

அவர் சீட்டை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்தபடி, கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார்.

"காட்டினா எப்படி? குடுங்க. கோப்புல சேர்க்கணும்."

"நகல் வச்சிருக்கேன் மேடம்."

"நகலை வச்சுத் தடை போட்டா அதுவும் நகல் தடைதான் அண்ணே. அசல் இல்லாம இன்னிக்கு ஒண்ணும் நடக்காது. ஒன்பது நிமிஷம் இருக்கு."

தக்காளிக்காரர் சீட்டைத் திருப்பினார். அறுபத்து மூன்று விதை. வீட்டுக்குப் போய்க் கேட்டுவர நேரமில்லை. இந்தப் பக்கம் விதை. அந்தப் பக்கம் நாற்பது செடி, உயிரோடு, நாளைக்கே பூக்கத் தயாராக. செடி இருந்தால் விதை வரும் என்று ஒரு மனசு சொன்னது. குடுக்காதீங்க என்று அவள் குரல் சொன்னது. நகத்தால் ஓரத்து விதை ஒன்றை நெம்பிப் பார்த்தார். தாள் பிய்ந்தது.

"ஐயோ, என்ன பண்றீங்க? அரசு ஆவணத்தைச் சிதைக்கிறீங்களா? காவலாளி நிக்கிறார், பாத்துட்டா உள்ள வச்சிருவாங்க!"

அவர் கொடுத்துவிட்டார். கொடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தார். அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்து, "சாப்பிட்ட கையோட தொட்டிருக்கீங்க போல," என்று சொல்லிக்கொண்டே துளை போட்டாள். துளையோடு இரண்டு விதை போயிற்று. மீதி அறுபத்தொன்றும் நூல் கோத்து உள்ளே போயின.

வீட்டில் மனைவி அவர் சட்டைப்பை தட்டையாக இருந்ததைப் பார்த்தாள்.

காலையில் நாலு ஆட்கள் வந்தார்கள். தடை போட்டாயிற்று என்று தக்காளிக்காரர் சொன்னார். "எங்க கைக்கு வரலையே," என்றான் மேஸ்திரி. நல்லவன்தான். தண்ணீர் வாங்கிக் குடித்தான். இரண்டாயிரம் செத்த செடிகளை விட்டுவிட்டு நேராகப் பச்சை வரிசைக்குப் போனார்கள். "காய்ஞ்சதைக் கணக்குல எடுக்க மாட்டாங்க பெரியவரே. நிக்கிறதைத்தான் பிடுங்கணும்."

பச்சைச் செடி பற்றவில்லை, புகைந்தது. கடைசியில் கருகிச் செத்திருந்த செடிகளை அள்ளி அடியில் அடுக்கி, அதன்மேல் நாற்பதையும் போட்டுத்தான் எரிக்க முடிந்தது. மனைவி அன்றைக்கு வந்து நின்று பார்த்தாள். அழுதாள். அவர் கிள்ளாமல் விட்ட ஒரு பூ அதில் இருந்ததை அவள் மட்டும் கவனித்தாள்.

நான்காம் நாள் தபாலில் தடை உத்தரவு வந்தது. 'மேற்படி செடிகள் இன்றுள்ள நிலையிலேயே, எவ்வித மாற்றமுமின்றி, பாதுகாக்கப்பட வேண்டும்' என்று அதில் கண்டிருந்தது.

அடுத்த மாதம், செடிகள் இல்லாத காரணத்தால் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. அவர் போய்ச் சீட்டை மட்டுமாவது திருப்பிக் கேட்டார். கோப்பில் சேர்ந்த ஆவணத்தைப் பிரிக்க விதியில் இடமில்லை, ஆனால் கவலைப்பட வேண்டாம், பதிவறையில் முப்பது ஆண்டு பத்திரமாக இருக்கும் என்றார்கள்.

"தக்காளி விதை எத்தனை வருஷம் தாங்கும்?" என்று மனைவி கேட்டாள்.

"ஈரம் படாம இருந்தா ஏழெட்டு வருஷம்," என்றார்.

தம்பி போட்டுவைத்திருந்த நாற்காலிகளில் போய் உட்கார்ந்தார்கள். அவர் பெட்டி மடித்தார், அவள் நாடா ஒட்டினாள். நல்ல வேலை. வெயில் இல்லை, மழை இல்லை, நோய் இல்லை. மழைக்காலம் ஒன்று கூடத்தின் தகரக் கூரைமேல் பெய்துவிட்டுப் போனது. அது முடிந்த சமயத்தில் பழைய முகவரியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு ஒரு கடிதம் வந்தது. சாப்பாட்டு இடைவேளையில், பெட்டிக் குவியல்மேல் உட்கார்ந்து அவர் உரக்கப் படித்தார்.

'பதிவறைக் கூரை ஒழுகியதில் அடுக்கில் இருந்த நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் பூஞ்சை தாக்கிக் கறுத்துவிட்ட நிலையில், தங்கள் கோப்பிலிருந்து மட்டும் மூன்று தக்காளிச் செடிகள், நோய் அறிகுறி ஏதுமின்றி, வளர்ந்து நின்றது கண்டறியப்பட்டது. அவை சான்று பெறாத செடிகள் என்பதால் விதிப்படி பிடுங்கப்பட்டு, கோப்புடன் சேர்த்து எரிக்கப்பட்டன. அரசு அலுவலகத்தில் அனுமதியின்றிப் பயிர் செய்ததற்குத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தைப் பதினைந்து நாட்களுக்குள், மூன்று பிரதிகளில், அசல் ஒப்புகைச் சீட்டை இணைத்து அனுப்பவும்.'

அவர் மடித்து வைக்கப் போனார். மனைவி கையைப் பிடித்தாள்.

"அந்த இடத்தை இன்னொரு தடவை படிங்க. எத்தனை செடின்னு போட்டிருக்கு?"

"மூணு."

"எவ்வளவு உயரம்னு போட்டிருக்கா?"

"போடல."

"இலை?"

அவர் மறுபடி தேடினார். "அறிகுறி இல்லைன்னு எழுதியிருக்கான். அறிகுறி பார்த்திருக்கான்னா இலை விட்டிருக்கணும்."

"ஜன்னலே இல்லாத ரூம்தானே அது?"

"ஆமா."

அவள் நாடாச் சுருளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் ஓர் அட்டைத் துண்டை எடுத்து விளக்கம் எழுத ஆரம்பித்தார். 'ஐயா, வணக்கம்' என்று எழுதினார். கீழே 'இணைப்பு' என்று எழுதி, அதற்கு நேரே எழுத எதுவும் தோன்றாமல் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். இடைவேளை முடிந்து மணி அடித்தது.

"வாங்க," என்றாள். "தம்பி பாக்குறான்."